வாசகர் கேள்வி-பதில்: விடுமுறைக்கு வீட்டிலேயே செய்யும் பரிசுகள்

விடுமுறை நெருங்கும்போது கைவினைப் பரிசுகள் பற்றிய கடிதங்கள் குவிகின்றன. "செய்தோம், வரவில்லை, ஏன்?" என்று கேட்பவையே அவற்றில் அதிகம். அப்படிப்பட்ட கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: மைதாவும் உப்பும் பிசைந்து, தொங்கவிடும் நட்சத்திரங்கள் செய்தோம். ஓவனில் வைத்ததும் நடுவில் உப்பிவிட்டன. சில விரிசல் விட்டன, ஓரம் பழுப்பாகிவிட்டது. அளவு தவறா, சூடு தவறா?

பெரும்பாலும் சூடுதான். மேல்பரப்பு சீக்கிரம் காய்ந்து தோலாக இறுகிவிட்டால், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் தோலைத் தூக்கிவிடும். 150 டிகிரிக்கு மேல் வைத்தால் இது நிச்சயம் நடக்கும், நிறமும் மாறும். 100 முதல் 110 டிகிரி செல்சியஸ் போதும். இங்கே மாவை வேகவைக்கவில்லை, காயவைக்கிறோம். அரை சென்டிமீட்டர் கனத்துக்கு 2 முதல் 3 மணி நேரம் ஆகும். பாதியில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள்.

அளவு: மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப்பிலிருந்து 1 கப் வரை. தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாமல், மாவு கையில் ஒட்டாத நிலையில் நிறுத்திக்கொள்ளுங்கள். கல் உப்பு வேண்டாம். பிசைந்தாலும் கரையாமல் நின்று மேலே குழிகளை உண்டாக்கும். பேக்கிங் பவுடர் கலந்து விற்கும் மாவும் உப்பிவிடும். விரிசலுக்குக் காரணம் பிசைந்தது போதாமை. 8 முதல் 10 நிமிடம் அழுத்திப் பிசைந்து, மூடி 20 நிமிடம் விட்டு, பிறகு உருட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே கனம் வர, மாவின் இரு பக்கமும் ஒரே தடிமனுள்ள இரண்டு ஸ்கேல்களை வைத்து அவற்றின் மேல் உருட்டுக்கட்டையை ஓட்டலாம். கயிறு கோர்க்கும் துளையைக் காய்வதற்கு முன்பே, ஓரத்திலிருந்து 1 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, ஸ்ட்ராவால் குத்திவிடுங்கள். காய்ந்தபின் துளைத்தால் உடையும்.

ஓவன் இல்லாவிட்டால் கம்பித் தட்டில் பரப்பி, நாளுக்கு இரண்டு முறை திருப்பி, 3 முதல் 5 நாள் காற்றில் காயவிடலாம். நேரடி வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து வளையும்.

பலரும் சறுக்கும் இடம் அடுத்தது: முழுவதும் காயுமுன் வண்ணம் பூசுவது. அடிப்பக்கத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த நிலையில் வார்னிஷ் அடித்தால் ஈரத்தை உள்ளேயே பூட்டியதாகிவிடும். சில வாரங்களில் பூச்சு கொப்புளம் விடும், துண்டு நமுத்துப் போகும். நன்றாகக் காய்ந்த துண்டும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், உப்பின் குணம் அது. ஆகவே முன்பக்கம், பின்பக்கம், ஓரம், துளையின் உட்சுவர் என எங்கும் விடாமல் இரண்டு கோட் வார்னிஷ் வேண்டும்.

வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். இதிலுள்ள உப்பின் அளவு நாயின் உயிருக்கே ஆபத்தானது.

தூய வெள்ளை நிறம்தான் வேண்டும் என்றால் மைதாவை விட்டுவிடலாம். சமையல் சோடா 1 கப், சோளமாவு (கார்ன்ஃப்ளார்) அரை கப், தண்ணீர் முக்கால் கப். சிறு தீயில் கைவிடாமல் கிளறி, மசித்த உருளைக்கிழங்கு பதத்துக்கு வந்ததும் இறக்கி, ஈரத்துணியால் மூடி ஆறவிட்டுப் பிசையுங்கள். காற்றிலேயே ஒன்றிரண்டு நாளில் காய்ந்துவிடும். ஈரத்துணி போடாவிட்டால் ஆறும்போதே மேலே பொருக்கு கட்டி, பிசையும்போது சிறுசிறு கட்டிகளாக நிற்கும்.

கேள்வி: உருக்கி வார்க்கும் சோப்புக் கட்டி வாங்கி, இரண்டு நிறத்தில் அடுக்கடுக்காக வார்த்தேன். அடுக்குகள் தனித்தனியே பிரிந்துவிட்டன. மேலே வியர்த்தது போல் நீர்த்துளிகள். உள்ளே போட்ட ரோஜா இதழ் கருத்துவிட்டது.

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

முதல் அடுக்கு முழுக்க ஆறிவிட்டால் அடுத்தது அதனோடு பிணையாது. மேலே தோல் கட்டி, விரல் வைத்தால் இளஞ்சூடு தெரியும்போதே ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை (கிருமி நீக்கப் பயன்படும் ஆல்கஹால்) மேலே ஸ்ப்ரே செய்து, உடனே இரண்டாவது அடுக்கை 50 முதல் 55 டிகிரி சூட்டில் மெதுவாக ஊற்றுங்கள். அதைவிடச் சூடாக ஊற்றினால் கீழ் அடுக்கு உருகிக் கலந்துவிடும். முதல் அடுக்கு தவறிப்போய் ஆறிவிட்டதா? முள்கரண்டியால் மேலே கீறிவிட்டு ஆல்கஹால் அடித்து ஊற்றுங்கள். ஆல்கஹால் தீப்பற்றும், அடுப்பு பக்கத்தில் எரியக் கூடாது.

நீர்த்துளிகளுக்குக் காரணம் கிளிசரின். அது காற்றின் ஈரத்தைத் தன்பால் இழுக்கும். அச்சிலிருந்து எடுத்த அன்றே மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றுங்கள். சீக்கிரம் இறுக வேண்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்ததும் இன்னும் அதிகமாக வியர்க்கும்.

இதழ் கருப்பது ஈரமும் சோப்பின் காரத்தன்மையும் சேர்வதால். காலெண்டுலா போன்ற மிகச் சில பூக்களின் காய்ந்த இதழ்களே நிறம் மாறாமல் நிற்கும். புதுப் பூ, பழத்துண்டு எதையும் போடாதீர்கள், பூசணம் பிடிக்கும். சாப்பாட்டுக்குப் போடும் கலரும் வேண்டாம். அது ஒரு நிற அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குக் கசியும். சோப்புக்கென்று விற்கும் மைக்கா தூளில் கால் டீஸ்பூன் எடுத்து, கொஞ்சம் ஆல்கஹாலில் குழைத்துச் சேருங்கள். 500 கிராமுக்கு அது போதும்.

உருக்கும்போது 2 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த இன்னொரு பாத்திரத்தில் 60 முதல் 65 டிகிரிக்குள் நிறுத்துங்கள். கொதித்தால் நீர் வற்றி, சோப்பு ரப்பர் போல் இழுபடும். நறுமண எண்ணெய் என்றால் 500 கிராமுக்கு 5 கிராமைத் தாண்ட வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் கட்டியில் வாசனையே வேண்டாம். காஸ்டிக் சோடாவிலிருந்து தொடங்கும் சோப்பு முறை தோலையும் கண்ணையும் எரிக்கக்கூடியது. பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யும் வேலை அல்ல அது.

கேள்வி: கண்ணாடிக் குவளையில் மெழுகுவத்தி வார்த்தால் திரியைச் சுற்றிப் பள்ளம் விழுகிறது. ஏற்றினால் நடுவில் மட்டும் துளை போட்டுக்கொண்டு இறங்கி அணைந்துவிடுகிறது.

பள்ளம் விழுவது இயல்பு. மெழுகு இறுகும்போது சுருங்கும். கண்ணாடியை ஒட்டிய பகுதி முதலில் இறுகிவிடுவதால் சுருக்கம் முழுவதும் கடைசியில் இறுகும் நடுப்பகுதியில் வந்து சேர்கிறது. குவளையைக் கைபொறுக்கும் அளவுக்கு முன்கூட்டியே சூடேற்றி, காற்று வீசாத இடத்தில், ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு ஆறவிட்டால் பள்ளம் குறையும். அப்படியும் விழுந்தால், வார்க்கும்போதே கொஞ்சம் மெழுகை மிச்சம் வைத்திருந்து, மறுநாள் உருக்கி நிரப்புங்கள்.

நடுவில் மட்டும் எரிவது திரியின் குறை. குவளையின் அகலத்துக்குத் திரி மெல்லியது. திரிப் பொட்டலத்தில் எத்தனை சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஏற்றது என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: திரி தடிமனாக இருந்தால் சுடர் உயர்ந்து கண்ணாடியில் கரி படியும். பரிசோடு ஒரு துண்டுச் சீட்டும் வையுங்கள்: முதல்முறை ஏற்றும்போது மேல்பரப்பு ஓரம்வரை உருகும்வரை அணைக்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் ஏற்றுமுன் திரியை 5 மில்லிமீட்டருக்கு வெட்ட வேண்டும், அடியில் 1 சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிட வேண்டும்.

எவ்வளவு மெழுகு தேவை என்று கண்டுபிடிக்க, குவளையில் வேண்டிய உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். அதை 0.9 ஆல் பெருக்கினால் மெழுகின் எடை. 220 கிராம் தண்ணீர் பிடித்தால் ஏறத்தாழ 200 கிராம் மெழுகு. பிறகு குவளையை ஈரமே இல்லாமல் துடைக்க வேண்டும். ஒரு சொட்டு நீர் நின்றாலும் எரியும்போது சடசடக்கும். சோயா மெழுகுக்கு வாசனை எண்ணெய் 6 சதவீதம், அதாவது 200 கிராமுக்கு 12 கிராம். அதிகம் ஊற்றினால் மணம் கூடாது, எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்.

மெழுகை நேரடித் தீயில் வைக்கவே கூடாது. தப்பித்தவறிப் பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

பிள்ளைகளுக்கு இதில் கொடுக்க வேலை அதிகமில்லை. அவர்களுக்குத் தேன்மெழுகுத் தாள் வாங்கிக் கொடுங்கள். ஓரத்தில் திரியை வைத்துச் சுருட்டினால் முடிந்தது, அடுப்பே வேண்டாம். தாள் உடைந்தால் குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளங்கைச் சூட்டில் சிறிது நேரம் வைத்திருந்தால் வளைந்துகொடுக்கும்.

கேள்வி: பேரப்பிள்ளைகள் மூன்று பேர், வயது 4, 9, 14. மூவரும் சேர்ந்து ஒரே பரிசைச் செய்ய முடியுமா?

துணிப்பையில் அச்சு போடச் சொல்லுங்கள். மூவருக்கும் உண்மையான வேலை இருக்கும், சின்னவன் செய்தது தனியாகப் பிசகித் தெரியாது. மூத்தவர் அச்சு வடிவத்தை வரைந்து எழுத்துகளை வெட்டட்டும், நடுப்பிள்ளை பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வடிவமாகக் கத்தரிக்கட்டும், சின்னவர் ஒத்தட்டும். எழுத்து அச்சு என்றால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி வெட்ட வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புதுப்பையில் கஞ்சி இருக்கும், அது வண்ணத்தை உள்ளே விடாது. துணி மென்மைப்படுத்தும் திரவம் சேர்க்காமல் ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். பைக்குள் அட்டை வைக்காவிட்டால் வண்ணம் பின்பக்கம் ஊறும். ஸ்பாஞ்சை வண்ணத்தில் முக்கக் கூடாது. தட்டில் மெல்லியதாகப் பரப்பி, அதில் தொட்டு, பழைய செய்தித்தாளில் ஒரு தடவை ஒத்திவிட்டுப் பிறகுதான் பையில் வைக்க வேண்டும். ஓரம் கசிவதெல்லாம் வண்ணம் அதிகமானதால்தான். துணி வண்ணம் 24 மணி நேரம் காய்ந்ததும், மேலே மெல்லிய துணி போட்டு, நீராவி இல்லாமல், ஒவ்வொரு பகுதியையும் 3 முதல் 5 நிமிடம் இஸ்திரி போடுங்கள். அந்த வேலை பெரியவர்களுடையது. முதல் மூன்று நாள் துவைக்காமல், அதன்பின் உட்புறம் வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில்.

கேள்வி: பூக்களை அழுத்திக் காயவைத்து வாழ்த்து அட்டை செய்கிறேன். பூ பூசணம் பிடிக்கிறது, அட்டை நெளிகிறது.

பனி அல்லது மழை ஈரத்தோடு பறித்திருப்பீர்கள், தாளையும் மாற்றியிருக்க மாட்டீர்கள். ஈரம் உலர்ந்தபின் பறித்து, வழவழப்பில்லாத, உறிஞ்சும் தாள்களுக்கிடையில் வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றுங்கள். முதல் தாளை இரண்டாம் நாளே மாற்ற வேண்டும், அதன்பின் வாரம் ஒருமுறை. 2 முதல் 3 வாரத்தில் இதழ் காகிதம்போல் சரசரக்கும். ஒற்றையடுக்குப் பூக்களும் பெரணி இலைகளும் நன்றாக வரும். மொத்தமான நடுப்பகுதி உள்ள பூவை அப்படியே வைக்காமல் இதழ் இதழாகப் பிரித்து வையுங்கள்.

அட்டை நெளிவது பசையிலுள்ள தண்ணீரால். வெள்ளைப் பசையைப் பல்குச்சி நுனியில் தொட்டு, பூவின் பின்னால் இரண்டு மூன்று புள்ளி மட்டும் வைத்து, ஒரு மணி நேரம் பாரத்தின் கீழ் விடுங்கள். 200 முதல் 250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் அட்டையின் எடை, கிராமில்) அட்டை ஏற்றது. மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்தி இழுத்தபின் மடியுங்கள். அப்படியும் மடிப்பு வெடித்தால், தாளின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மடித்திருக்கிறீர்கள். அட்டையை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் பக்கம் மடிக்க வேண்டும்.

கேள்வி: படிகாரத்தில் செய்த நட்சத்திரம் பளபளவென்று இருந்தது. போகப்போக வெள்ளைப் பொடி பூத்துவிட்டது.

படிகாரப் படிகத்துக்குள் தண்ணீர் பிணைந்திருக்கிறது. உலர்ந்த, சூடான இடத்தில் அது மெல்ல வெளியேறி மேற்பரப்பு பொடியாகிறது. எடுத்துக் காயவைத்த மறுநாளே நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு கோட் அடித்தால் நிற்கும். புதிதாகச் செய்பவர்களுக்கு: 250 மில்லி சுடுநீரில் 100 கிராம் தூள் படிகாரம் கரைத்து, துணியில் வடிகட்டி, கம்பளி நூல் சுற்றிய கம்பி நட்சத்திரத்தைப் பாத்திரத்தின் சுவரிலோ அடியிலோ படாமல் தொங்கவிட்டு, துண்டால் பாத்திரத்தைச் சுற்றி ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள். மெதுவாக ஆறினால்தான் பெரிய படிகம் வரும். அடியில் தங்குவதை மறுபடி சுடுநீரில் கரைத்துப் பயன்படுத்தலாம். குழந்தைகள் கையை வாயில் வைக்காமல், முடிந்ததும் கழுவட்டும்.

கேள்வி: இன்னும் இரண்டே நாள்தான். எதைச் செய்வது?

காய வேண்டிய எதையும் தொடாதீர்கள். உப்பு மாவு, பூ அட்டை, துணி அச்சு எல்லாம் அடுத்த விடுமுறைக்கு. தேன்மெழுகுச் சுருள், உருக்கி வார்க்கும் சோப்பு, கம்பளி நூல் பந்து மூன்றும் ஒரே மாலையில் முடியும். நூல் பந்துக்கு நான்கு விரலில் 120 சுற்றுக்குக் குறையாமல் சுற்றி, நடுவில் கட்டுங்கள். கட்டுவதற்குக் கம்பளி நூலைப் பயன்படுத்தினால் அது இழுபட்டுத் தளரும், இழைகள் உதிரும். உறுதியான பருத்தி நூலால் இரண்டு முறை சுற்றி முடிச்சிடுங்கள். இரு பக்கத்து வளையங்களையும் வெட்டியபின் நீராவியில் சில விநாடி காட்டி உதறினால் இழைகள் விரிந்து இடைவெளி மறையும். அதன்பிறகு கத்தரியுங்கள். முதலிலேயே கத்தரித்தால், விரிந்தபின் மேடுபள்ளம் தெரிந்து இரண்டாம் முறை வெட்ட வேண்டியிருக்கும், பந்தும் சிறுத்துவிடும்.