மைத்துனர் ஓசியில் ஓட்டும் குதிரைக்கு 8 லட்சம் காப்பீடா?

கேள்வி: விமானப்படையில் ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான ஜோத்பூரிலேயே தங்கிவிட்டேன். இரண்டு வருடம் முன் 4 லட்சத்துக்கு மார்வாரிப் பெண்குதிரை ஒன்று வாங்கினேன். அதில் 3 லட்சம் நகைக்கடன், 12% வட்டி. அசல் அப்படியே இருக்கிறது. மைத்துனர் வருடத்துக்கு எட்டுக் கல்யாண ஊர்வலத்துக்காவது ஓட்டிப் போகிறார். தீவனக் காசுகூடத் தருவதில்லை. அவர் ஊர்வலத்துக்கு 5,000 வாங்குகிறாராம். போன மே மாதம் வெயிலில் சுருண்டு விழுந்து பிழைத்தது. ஏஜென்ட் 5% பிரீமியத்தில் 8 லட்சத்துக்கு பாலிசி எடுக்கச் சொல்கிறார். 'சொந்த சவாரி' என்று எழுதினால் போதுமாம். எடுக்கலாமா?

பதில்: அந்த 'போதுமாம்'தான் வில்லங்கம். நம் ஊர் கால்நடை பாலிசிகளில் வழக்கமாக ஒரு விலக்கு உண்டு: சொன்ன வேலையை விட்டு வேறு வேலைக்கு, கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல், விலங்கைப் பயன்படுத்தினால் இழப்பீடு கிடையாது. அலட்சியத்துக்கும் அதே கதி. ஊர்வலத்தில் குதிரை செத்தால், ஜரிகைப் போர்வையும் மாப்பிள்ளையுமாக அது நிற்கும் வீடியோ பத்துப் பேர் போனில் இருக்கும். இழப்பை மதிப்பிட வரும் சர்வேயருக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

நமக்கு அட்சய திருதியை என்றால் நகைக்கடை. ஜோத்பூர் பக்கமான மார்வாரில் அன்று தெருவுக்குத் தெரு கல்யாணம், அதுவும் கோடையில். பக்கத்து பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது உங்களுக்கு மறந்திருக்காது. மாலை ஊர்வலத்துக்கு மதியமே சேணம் கட்டி, பேண்டு செட் வரும்வரை தார் ரோட்டில் நிறுத்துகிறார்கள். வியர்வை காய்ந்து வார்ப்பட்டை ஓரம் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். இதைத்தான் அலட்சியம் என்பார்கள்.

அப்புறம் அந்த 8 லட்சம். மாப்பிள்ளை ஏறும் பெண்குதிரையை அங்கே 'கோடி' என்பார்கள். அதற்காக விலை ஏறிவிடாது. காப்பீட்டுத் தொகை, சாகும் நாளின் சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் தருவார்கள். 4 லட்சத்துக்கு பிரீமியம் 20,000. 8 லட்சத்துக்கு 40,000. நடுவில் உள்ள 20,000 வருடா வருடம் தண்டம். எந்த பாலிசியும் எடுக்கும் முன், மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத்தின் காப்பீடு உங்களுக்குக் கிடைக்குமா என்று அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள். குதிரைக்கும் அதில் இடம் உண்டு. 2024 முதல் உரிமையாளர் பங்கு பிரீமியத்தில் 15% தான்.

நகைக்கடன் வட்டி வருடம் 36,000. மைத்துனர் வாங்குவது எட்டு முறைக்கு 40,000. அதாவது அவர் தொழிலுக்கு நீங்கள் வட்டி கட்டுகிறீர்கள்.

படிவத்தில் 'கல்யாண ஊர்வல வாடகை' என்றே எழுதுங்கள். பிரீமியம் கூடினால் கூடட்டும், அதை மைத்துனர் கட்டட்டும். முறைக்கு 4,000 வாடகையும் கொடுக்கட்டும். வட்டியில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வெயில் இறங்கும் முன் சேணம் கட்டக் கூடாது. ஒப்பவில்லையா, குதிரை லாயத்திலேயே நிற்கட்டும். மனைவியிடம் பேசிவிட்டுச் சொல்லுங்கள். அடகில் இருப்பது அவர் நகைதானே.