கழுதைப்பாலும் கிளியோபாட்ராவும்

கேள்வி: உலகப் பேரழகி கிளியோபாட்ரா தினமும் 700 கழுதைகளின் பாலில் குளித்தாராமே? கம்பளத்தில் சுருண்டு சீசர் முன்னால் போய் இறங்கியது, பாம்பைக் கடிக்கவிட்டு இறந்தது எல்லாம் வரலாறா, கதையா? அந்த எகிப்திய அழகின் ரகசியம்தான் என்ன?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கழுதைகளை முதலில் அவிழ்த்து விடுவோம். அவை ரோமாபுரிக் கழுதைகள். நீரோ மன்னனின் மனைவி பொப்பேயா பால் குளியலுக்காக 500 கழுதைகளைப் போகுமிடமெல்லாம் ஓட்டிச் சென்றதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். கிளியோபாட்ரா இறந்து ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்குப் பிந்திய சங்கதி அது. பிற்பாடு யாரோ அவற்றை எகிப்துக்கு ஓட்டிவந்துவிட்டார்கள். வழியில் இன்னும் 200 சேர்ந்துகொண்டன. நம் தெருவில் கைக்குழந்தைக்கு ஒரு சங்கு கழுதைப்பால் வாங்கவே பேரம் பேசுகிறோம், தொட்டி நிறைய என்றால் யோசித்துப் பாருங்கள்!

அடுத்து, 'எகிப்திய' அழகு. அலெக்சாண்டரின் தளபதியாக இருந்து எகிப்தைப் பிடித்துக்கொண்ட டாலமியின் வம்சம் அவருடையது. தந்தை வழியில் மாசிடோனியக் கிரேக்கர். இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் எகிப்தை ஆண்ட அந்தக் குடும்பம் கிரேக்கத்தையே பேசிக்கொண்டிருந்தது. குடிமக்கள் பேசிய மொழியை முதன்முதலாகக் கற்றவர் இவர்தான் என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் புளூடார்க். அரேபியர், யூதர், சிரியர், பார்த்தியர் என்று பலரிடமும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசுவாராம்.

அழகைப் பற்றியும் அதே புளூடார்க் சொல்கிறார்: பார்த்தவுடன் மலைத்து நிற்கிற அழகல்ல, பேச்சிலும் குரலிலும்தான் ஆளைக் கட்டிப்போடுவார். அவர் வெளியிட்ட காசுகளில் தெரிவது வளைந்த மூக்கும் எடுப்பான தாடையும் கொண்ட முகம். எந்த சோப்புக் கம்பெனிக்காரரும் அந்தக் காசைப் பார்த்திருக்க மாட்டார்.

கம்பளமும் கம்பளமல்ல, படுக்கை கட்டுகிற பை. தம்பியோடு அரியணைச் சண்டை. ஊருக்குள் நுழைந்தால் தலை போய்விடும். அப்போலோடோரஸ் என்ற விசுவாசி இரவில் படகில் கொண்டுவந்து சுமந்துபோய்ச் சேர்த்தார். இதைச் சரசமாகப் படம் பிடித்தவர்கள் அந்த உயிர்ப் பயத்தை விட்டுவிட்டார்கள்.

பாம்பு விஷயத்தில்தான் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. அத்திப்பழக் கூடையில் வந்த பாம்பு என்றும், கொண்டை ஊசியில் ஒளித்து வைத்த நஞ்சு என்றும் புளூடார்க் இரண்டையும் சொல்லிவிட்டு, உண்மை யாருக்கும் தெரியாது என்று கையை விரிக்கிறார். அறையில் பாம்பு அகப்படவில்லை. கூடவே இரண்டு பணிப்பெண்களும் இறந்துபோனார்கள். மூன்று பேரையும் ஒரே பாம்பா? ஆனால் அவரைப் போரில் வென்ற, சீசரின் வாரிசான ஆக்டேவியன் ரோமில் நடத்திய வெற்றி ஊர்வலத்தில் பாம்பு சுற்றிய கிளியோபாட்ரா உருவம் போனது. ஊர் அதைத்தான் பார்த்தது, அதையே நம்பியது.

சரி, இத்தனை கதையும் எதற்கு? கி.மு. 32இல் ஆக்டேவியனுக்கு உண்மையான எதிரி, கிளியோபாட்ராவின் காதலரான ரோமானியத் தளபதி மார்க் ஆண்டனி. ஆனால் ரோமானியன் மேல் ரோமானியன் படையெடுத்தால் அது உள்நாட்டுப் போர் ஆகிவிடும். ஆகவே போர் அறிவித்தது கிளியோபாட்ரா மேல் மட்டும். 'நம் வீரனை மயக்கிய அந்நிய மோகினி' என்ற கதை அந்தப் போருக்குத் தோதாக இருந்தது. ஜெயித்தவரும் ஆக்டேவியனே. அப்புறம் எந்தக் கதை மிஞ்சும்? ரோமானியர்களிடம் கடன்பட்டுப் போன தந்தையின் நாட்டை 18 வயதில் வாங்கி, நைல் பொய்த்த பஞ்ச காலங்களையும் தாண்டி 21 ஆண்டு கட்டிக்காத்த நிர்வாகியைப் பற்றி நீங்களும் கேட்கவில்லையே!

நம் பக்கத்துக்கு வரவிருந்த ஒரு செய்தியும் உண்டு. தோல்வி உறுதியானதும், சீசருக்குப் பிறந்ததாகச் சொல்லப்பட்ட மகன் சீசரியனைப் பெரும் செல்வத்தோடு எத்தியோப்பியா வழியாக இந்தியாவுக்கு அனுப்பினார் அந்தத் தாய். ஆசிரியர் ஒருவரின் பேச்சை நம்பிப் பையன் பாதி வழியில் திரும்பினான். ஆக்டேவியன் கொன்றுவிட்டார். வயது 17. கப்பலேறியிருந்தால் நம் மேற்குக் கரையில் எந்தத் துறையில் இறங்கியிருப்பானோ! இதை வைத்து ஒருவரும் கதை கட்டக் காணோம். எல்லாருக்கும் கழுதைகளை எண்ணவே நேரம் சரியாக இருந்திருக்கிறது.