டிஜிட்டல் வடிவமைப்பும் ஒரு கலைதான் என்று உங்களுக்கு எப்போது தோன்றியது?

ஒரு முக்கோணம் என்னைப் படுத்திய பாட்டில்தான்.

அதுவரை நான் பென்சில், நீர்வண்ணம் என்று விரலில் கறை படிய வரைகிற கட்சி. கணினியில் செய்வதும் கலைதானே என்று யாராவது சொன்னால், "கோட்டை நீங்களா போட்டீர்கள்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

நண்பர் ஒருவர், பாட்டு கேட்கும் செயலி ஒன்றுக்குப் பொத்தான் வரைந்து தரச் சொன்னார். ஒரு வட்டம், அதற்குள் வலப்பக்கம் நோக்கிய முக்கோணம், அவ்வளவுதான். முக்கோணத்தை நடுவில் நிறுத்தும்படி மென்பொருளுக்குக் கட்டளை கொடுத்தேன். நிறுத்தியது. பார்த்தால் அது இடப்பக்கமாக ஒதுங்கி நிற்கிறது! அளந்தேன், இரு பக்கமும் ஒரே இடைவெளி. கணக்கு சரி, கண் ஒப்பவில்லை. மென்பொருள் நடுவில் வைப்பது முக்கோணத்தை அல்ல, அதைச் சுற்றியுள்ள கண்ணுக்குத் தெரியாத பெட்டியை. முக்கோணத்தின் கனமெல்லாம் அகன்ற இடப்பக்கத்தில் இருக்கிறது. முனைப் பக்கம் பெரும்பாலும் வெற்றிடம். வலப்பக்கம் சிறிது சிறிதாக நகர்த்தி, கண் ஒப்புகிற இடத்தில் விட்டேன். பிறகு கணக்குப் பார்த்தால், அகலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நகர்ந்திருந்தது. முக்கோணத்தின் ஈர்ப்பு மையம் வட்டத்தின் மையத்தில் விழுவதும் அங்கேதான்.

அதன் பிறகுதான் இந்த வேலையைச் செய்தவர்களைத் தேடிப் படித்தேன். 1984இல் வந்த மெக்கின்டாஷ் கணினிக்குச் சின்னங்கள் வரைந்த சூசன் கேர், சிற்பம் செய்துகொண்டிருந்தவர். ஒரு சின்னத்துக்கு அவருக்குக் கிடைத்தது 32க்கு 32 கட்டம். கறுப்பு அல்லது வெள்ளை, சாம்பல் நிறம்கூடக் கிடையாது. அவர் செய்ததுபோலவே கட்டத் தாளில் ஒரு சிரித்த முகம் வரைந்து பார்த்தேன். வாயோரத்தில் ஒரே ஒரு கட்டம் இடம் மாறியதும் முகம் ஏளனமாகப் பார்த்தது. நீர்வண்ணத்தில் இப்படி ஒரு புள்ளி என்னை மிரட்டியதில்லை.

எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டரின் கதை இன்னும் பிடித்தது. இளமையில் உலோகத்தில் கையால் எழுத்து வெட்டப் பழகியவர். 1996இல் வெளியான வெர்டானா எழுத்துருவை அவர் வளைகோடுகளில் தொடங்கவில்லை. முதலில் திரைப் புள்ளிகளை அடுக்கி, சிறிய அளவிலும் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே அவற்றைச் சுற்றி வெளிக்கோடு வரைந்தார். கல்லின் குணம் பார்த்து உளி வைப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

1999இல் ஜப்பானியக் கைபேசிகளுக்காக வரையப்பட்ட 176 எமோஜிகளை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016இல் தன் சேகரிப்பில் சேர்த்ததைச் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அது பெரிய வாதமாகப் படவில்லை. அருங்காட்சியகத்தில் இருந்தும் என்னை அசைக்காத ஓவியங்கள் எத்தனையோ.

திரையில் வருவதெல்லாம் கலை என்றும் சொல்லமாட்டேன். பாதிக்கு மேல் ஒன்றைப் பார்த்து இன்னொன்று செய்த நகல்கள்.

பொத்தானை நண்பரிடம் கொடுத்தேன். ஒரு நொடி பார்த்துவிட்டு, "நடுவில்தானே இருக்கிறது, இதற்கா இரண்டு நாள்?" என்றார்.