மர்லின் மன்றோ கதை தவிர வேறொன்றும் கிடைக்கவில்லையா?

கேள்வி: மர்லின் மன்றோவிடம் கணவரைப் பறிகொடுத்த பிரெஞ்சு நடிகை சிமோன் சிஞ்ஞோரே பற்றிச் சொல்லுங்களேன். இளமையில் அத்தனை அழகு, ஐம்பது வயதிலேயே பாட்டி மாதிரி ஆகிவிட்டார். உடம்பைக் கொஞ்சம் கவனித்திருக்கக் கூடாதா? - ஆர்.கே., விழுப்புரம்.

பதில்: முதலில் ஒரு திருத்தம். சிஞ்ஞோரே யாரிடமும் கணவரைப் பறிகொடுக்கவில்லை. பாடகரும் நடிகருமான ஈவ் மோந்தானை 1951-ல் மணந்தார். 1985 செப்டம்பரில் 64 வயதில் இறக்கும்வரை அவருடைய மனைவியாகவே இருந்தார். பாரிஸின் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் இப்போதும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான்.

சரி, அந்த 1960-க்கே வருவோம். மன்றோவும் மோந்தானும் ஒரு படத்தில் ஜோடி. மன்றோ, அவர் கணவர் ஆர்தர் மில்லர், மோந்தான், சிஞ்ஞோரே நால்வரும் ஹாலிவுட்டில் ஒரே ஓட்டலில் அடுத்தடுத்த பங்களாக்களில் குடியிருந்தார்கள். முன்னொரு காலத்தில் ஹாலிவுட் நடிகை ஜீன் ஹார்லோவுக்குத் தலைச்சாயம் போட்ட ஒரு வயதான அம்மாள் வருவாராம். மன்றோவும் சிஞ்ஞோரேயும் சேர்ந்து உட்கார்ந்து தலையைக் கொடுப்பார்களாம். அப்புறம் சிஞ்ஞோரே வேறு படப்பிடிப்புக்காக ஐரோப்பா திரும்பினார். மீதியை உலகப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. ஆனால் எல்லோரும் காத்திருந்த சக்களத்திச் சண்டை மட்டும் நடக்கவே இல்லை. 1976-ல் வந்த தன்வரலாற்றில், தான் மன்றோவைக் கொஞ்சமும் வெறுக்கவில்லை என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டதே என்றுதான் சிஞ்ஞோரே வருத்தப்படுகிறார். எங்கள் தொழில்காரர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்!

அதே 1960-ல் வேறு இரண்டு விஷயங்களும் நடந்தன. உங்கள் காதுக்கு அவை எட்டவில்லை போலிருக்கிறது.

ஒன்று, ஏப்ரலில் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. படம் 'ரூம் அட் தி டாப்', பிரிட்டிஷ் தயாரிப்பு. தன்னைவிட இளையவனான ஒரு பதவிப் பித்தனைக் காதலித்து அழிந்துபோகும் நடுவயது மனைவி வேடம். தோற்றவர்கள் யார் தெரியுமா? எலிசபெத் டெய்லர், ஆட்ரி ஹெப்பர்ன், காதரின் ஹெப்பர்ன், டோரிஸ் டே. இடதுசாரி என்பதற்காகப் பல ஆண்டுகள் விசா கொடுக்காமல் வெளியே நிறுத்திவைத்த அமெரிக்கா கொடுத்த பரிசு அது.

இரண்டாவது, செப்டம்பரில். அல்ஜீரியாவில் பிரான்ஸ் நடத்திய போரில் துப்பாக்கி தூக்க மறுக்கும் இளைஞர்களை ஆதரித்து 121 பேர் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் சிஞ்ஞோரேயின் கையெழுத்து இருந்தது. கையெழுத்திட்டவர்களுக்கு அரசு வானொலி, தொலைக்காட்சிக் கதவுகளைச் சாத்தியது பிரெஞ்சு அரசு. ஆஸ்கர் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. மார்க்கெட் உச்சத்தில் இருக்கும்போது எத்தனை நட்சத்திரங்கள் இப்படிக் கையெழுத்துப் போடுவார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல்கள் போதும்.

அவரைத் தியாகச் சுடராக்கவும் நான் தயாராக இல்லை. அவரே அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1921-ல் ஜெர்மனியின் வீஸ்பாடனில் பிறந்தபோது அவர் பெயர் சிமோன் காமிங்கர். அப்பா யூதர். நாஜிகள் பாரிஸைப் பிடித்திருந்த காலத்தில் அப்பா லண்டன் போய்விட, குடும்பத்துக்காக மகள் வேலைக்குப் போனார். எங்கே? நாஜிகளுக்கு ஒத்து ஊதிய ஒரு நாளிதழின் அலுவலகத்துக்கு. அதை அவர் பிற்பாடு மூடி மறைக்கவில்லை. அங்கிருந்து விலகி, அம்மாவின் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு, வசனமில்லாத துண்டு வேடங்களில் தலைகாட்டத் தொடங்கினார். 1969-ல் இயக்குநர் மெல்வில் எடுத்த 'ஆர்மி ஆஃப் ஷேடோஸ்' படத்தில் நாஜி எதிர்ப்புக் குழுவின் மத்தில்டாக வருகிறாரே, மகளின் புகைப்படத்தைக் கைப்பையில் வைத்திருந்த ஒரே தவறுக்காகத் தோழர்களாலேயே சுடப்படுகிறவர், அந்த முகத்தைப் பார்க்கும்போது எனக்கு இந்தப் பழைய கணக்கும் கூடவே நினைவுக்கு வரும்.

இனி உங்கள் பாட்டி பிரச்னை. குடித்தார், புகைத்தார், எடை போட்டார், எல்லாம் உண்மை. சுருக்கத்தை மறைக்க மட்டும் மெனக்கெடவில்லை. 1971-ல் 'தி கேட்' படத்தில் கிழட்டுக் கணவன் ழான் காபேன் இவரோடு பேசவே மாட்டார், துண்டுச் சீட்டில்தான் சேதி. அந்தப் படத்துக்காக இருவருக்குமே பெர்லின் திரைப்பட விழாவில் பரிசு. 1977-ல் 'மதாம் ரோசா': ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் உயிர் பிழைத்த முன்னாள் பாலியல் தொழிலாளி, மூச்சிரைக்க மாடிப்படி ஏறி, பிறத்தியார் பிள்ளைகளை வளர்க்கிறாள். அதற்கு பிரான்ஸின் செசார் திரைப்பட விருது. தோலை இழுத்துத் தைத்துக்கொண்ட ஒரு நடிகை அந்தப் படிகளில் ஏறியிருந்தால் யார் நம்புவார்கள்? அவர் வயதில் ஓர் ஆண் நடிகர், காபேன் மாதிரி, தொப்பை போட்டால் 'கம்பீரம்' என்று எழுதுகிறோம், இல்லையா?

ஒரு வேலை செய்யுங்கள். முதல் நாள் 1952-ல் வந்த 'காஸ்க் தோர்' பாருங்கள், நீங்கள் சொல்லும் அழகு அதில்தான் இருக்கிறது. மறுநாள் 'மதாம் ரோசா'. அதற்குப் பிறகும் அவர் உடம்பைப் பற்றித்தான் கேட்கத் தோன்றினால் இன்னொரு கடிதம் போடுங்கள், பக்கத்து அறையில் அழகுக் குறிப்பு எழுதுகிறவரிடம் கொடுத்துவிடுகிறேன்.