செஸ்னா 172 மூக்குச் சக்கரம் உதறுதா? டாம்பர் வாங்க அவசரப்படாதீர்கள்

புது ஷிம்மி டாம்பருக்கு (சக்கர உதறலை அடக்கும் சின்ன எண்ணெய்ச் சிலிண்டர்) இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். உங்கள் விமானம் 1974 மாடல் செஸ்னா 172, தரையிறங்கி ஓடும்போது மூக்குச் சக்கரம் உதறுகிறது, புது டாம்பர் வாங்கலாமா என்கிறீர்கள்; இந்த வயசு விமானத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது டார்க் லிங்க் (மூக்குச் சக்கரக் காலின் மேல், கீழ்ப் பகுதிகளை இணைக்கும் மடங்கும் இரட்டைக் கைகள்) மூட்டுகளில் உள்ள புஷிங்குகளை, அதாவது போல்ட் செல்லும் சிறு குழல்களைத்தான். அவை தேய்ந்து ஆட்டம் விழுந்திருந்தால், அந்த ஆட்டத்தைத் தாண்டித்தான் டாம்பர் பிடிக்கவே ஆரம்பிக்கும், அதற்குள் உதறல் கிளம்பிவிடும். சோதிப்பது இப்படி:

1. வால்பக்கத்தை அழுத்தி மூக்கைத் தூக்குங்கள். கிடைமட்ட வால் இறக்கையில் மட்டும் கை வைக்காதீர்கள், அதன் ஸ்பார் (உள்ளே தாங்கும் முதன்மைச் சட்டம்) விரிசல் விட்டால் செலவு எங்கேயோ போய்விடும். அதற்குச் சற்று முன்னால், விமான உடலின் உள்ளே பல்க்ஹெட் (குறுக்குச் சட்டம்) இருக்கும் இடத்தில் அழுத்தலாம்.

2. இன்னொருவர் சக்கரத்தை இடமும் வலமுமாகத் திருகட்டும். இரண்டு லிங்க்குகளும் சேரும் போல்டில் விரல் வைத்துப் பாருங்கள். சக்கரம் அசைந்தும் மேலே காலர் (மேல் லிங்க் பொருந்தியிருக்கும் வளையம்) அசையாமல் நின்றால் தேய்மானம் நடுவில் உள்ள லிங்க்குகளில்தான். புஷிங், போல்ட், ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) மாற்றுவது, அவ்வளவுதான் வேலை.

அப்புறம் மெக்கானிக்கிடம் சொல்லி டாம்பரைக் கழற்றி, அதன் ராடை (வெளியே நீளும் தண்டு) கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். இரு பக்கமும் சீராக இறுக வேண்டும். நடுவில் சட்டென்று வழுக்கினால் உள்ளே காற்று, சிவப்பு ஹைட்ராலிக் எண்ணெய் குறைவு. ஓ-ரிங் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றி எண்ணெய் நிரப்பினாலே சரியாக வாய்ப்பு உண்டு. டயர் பேலன்ஸையும் பார்த்துவிடுங்கள்.

ஒன்று: அமெரிக்கப் பதிவு விமானம் என்றால், பைலட் உரிமம் உள்ள உரிமையாளர் டயரைத் தானே மாற்றலாம், புஷிங்கை அப்படிச் செய்ய முடியாது, அதற்கு மெக்கானிக் கையெழுத்து வேண்டும்.