ரோட்டரி இன்ஜின் விமானமும் எரிபொருள் அழுத்தமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நானே கட்டிய விமானத்தில் மாஸ்டா 13பி ரோட்டரி இன்ஜின். தரையில் முழு த்ராட்டிலில் எரிபொருள் அழுத்தம் 43 பி.எஸ்.ஐ. காட்டுகிறது. மேலேறும்போது 35க்கு இறங்கிவிடுகிறது. ரெகுலேட்டரை மாற்றியும் பலனில்லை.

பதில்: முதலில், காரணம் தெரியும்வரை பறக்காதீர்கள். இன்ஜெக்டர் வழியே போகும் எரிபொருளின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 43லிருந்து 35க்கு இறங்கினால் சுமார் 10% குறையும். முழுச் சுமையில் எரிபொருள்-காற்றுக் கலவை அந்த அளவு மெலிந்தால் டெட்டனேஷன் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்தெரிவது) வரலாம், அபெக்ஸ் சீல் (ரோட்டரின் முனையில் உள்ள அடைப்பு) உடையலாம்.

ரெகுலேட்டர் உபரி எரிபொருளை ரிட்டர்ன் குழாய் வழியே டேங்குக்குத் திருப்பி அனுப்பித்தான் அழுத்தத்தைக் காக்கிறது. பம்ப் உபரி தராவிட்டால் அது என்ன செய்யும்? அதனால் எரிபொருள் ஓட்டத்தை அளந்து பாருங்கள். திறந்தவெளியில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்து, இன்ஜினை நிறுத்திய நிலையில் ரிட்டர்ன் குழாயை அளவுப் பாத்திரத்தில் விட்டு, பம்பை ஒரு நிமிடம் ஓட்டுங்கள். அழுத்தம் 43ல் நிற்க வேண்டும். 180 குதிரைத்திறனில் இந்த இன்ஜின் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1 லிட்டர் குடிக்கும். பாத்திரத்தில் குறைந்தது ஒன்றரை லிட்டராவது சேராவிட்டால் நான் திருப்தியடைய மாட்டேன். மூக்கை ஏற்றக் கோணத்துக்கு உயர்த்தி வைத்தும் இதையே செய்யுங்கள். டேங்கில் எரிபொருள் குறைவாக இருக்கும்போதும் ஒருமுறை.

ஓட்டம் குறைவா? பம்பின் முனைகளிலேயே வோல்டேஜ் பாருங்கள். மெல்லிய வயரும் துருப்பிடித்த எர்த்தும் ஒரு வோல்ட்டைத் தின்றாலே பம்ப் தளரும். அடுத்தது உறிஞ்சும் பக்கம். இந்த பம்புகள் நன்றாகத் தள்ளும், இழுப்பதில் பலவீனமானவை. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் நுண் ஃபில்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள். அங்கே சல்லடை போதும், நுண் ஃபில்டர் பம்புக்குப் பின்னால்தான்.

கேள்வி: ஐடிலில் 35, முழு த்ராட்டிலில் 43. கோளாறா?

பதில்: இல்லை. ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸ் மேனிஃபோல்டோடு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) இணைந்திருந்தால் அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கிறது.

கேள்வி: இரண்டு பம்பையும் போட்டால் 50ஐத் தாண்டுகிறது.

பதில்: ரிட்டர்ன் குழாய் போதிய விட்டம் இல்லாமல் இருக்கும், அல்லது எங்காவது நசுங்கியிருக்கும். புறப்படும்போது இரண்டு பம்பும் ஓடும் என்பதால் கலவை செறிவாகும். ட்யூனிங்கில் அதை மறைக்க நினைக்காதீர்கள், குழாயைப் பெரிதாக்குங்கள். ஒவ்வொரு பம்புக்கும் செக் வால்வு (ஒருவழி வால்வு) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: நிறுத்தி அரைமணி கழித்து ஸ்டார்ட் செய்தால் அழுத்தமானியின் முள் துள்ளுகிறது, இன்ஜின் திணறுகிறது.

பதில்: வேப்பர் லாக், அதாவது எரிபொருள் ஆவியாகிக் குழாயை அடைப்பது. ரோட்டரியின் எக்ஸாஸ்ட் பிஸ்டன் இன்ஜினைவிடச் சூடானது. நிறுத்திய பிறகு கௌலிங்குக்குள் (இன்ஜின் மூடி) அந்தச் சூடு தேங்கி எரிபொருளைக் கொதிக்கவைக்கிறது. சாதாரண பெட்ரோல் இதற்கு அவ்கேஸைவிட (விமானப் பெட்ரோல்) எளிதில் ஆளாகும். பம்புகளை டேங்கின் அருகே, தாழ்வாக, ஃபயர்வாலுக்கு (இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவர்) பின்னால் வையுங்கள். எக்ஸாஸ்டுக்கு அருகே போகும் குழாய்களுக்குத் தீத்தடுப்பு உறை போட்டு, நடுவில் வெப்பத் தடுப்புத் தகடும் வையுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் பம்பை அரை நிமிடம் ஓட்டினால் ஆவி ரிட்டர்ன் வழியே டேங்குக்குப் போய்விடும். முள் அசையாமல் நின்ற பிறகு ஸ்டார்ட்டரைத் தொடுங்கள்.