வட்டிக் கணக்கு, நிலப் பட்டா, மன்றாட்டு: நீதிக்காக உழைத்த அருட்சகோதரிகள் பற்றிக் கேள்வி பதில்

கன்னியர் மடம் என்றால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அநாதை இல்லம் என்றுதான் நம்மில் பலருக்கு நினைவு வரும். நிலம், கூலி, கடன், போர் என்று இறங்கி வேலை செய்த கத்தோலிக்கச் சகோதரிகளைப் பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்கிறேன் என்றேன். நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். வீட்டு வேலைத் தொழிலாளர் கூட்டங்களில் பல வருடம் சிஸ்டர்களோடு உட்கார்ந்தவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): அக்கா, சிஸ்டர்கள் சேவை செய்வதற்கும் நீதிக்காக உழைப்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் ஏழைகளுக்குத்தானே?

சகோதரி ராணி மரியா என்ன செய்தார் என்று பார்த்தால் விளங்கிவிடும்மா. எர்ணாகுளம் மாவட்டம் புல்லுவழியில் 1954-ல் பிறந்தவர். பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபைச் சகோதரி. முதலில் உத்தரப் பிரதேசத்தில் பிஜ்னோர், அப்புறம் சத்னா பக்கம், 1992-லிருந்து மத்தியப் பிரதேசத்தில் தேவாஸ் மாவட்டத்து உதய்நகர்.

அந்தப் பகுதி ஆதிவாசிகள் விதைப்புக்கு முன்னால் வட்டிக்காரரிடம் கடன் வாங்குவார்கள். வட்டிக்காரர் பெரும்பாலும் நிலக்காரராகவும் இருப்பார். அறுவடை முடிந்ததும் அவர் சொன்ன விலைக்குத் தானியம் போகும். நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள், வருடத்துக்கு அறுபது ரூபாய். விளைந்ததெல்லாம் வட்டிக்கே சரியாகிவிடும், முதல் அப்படியே நிற்கும். அடுத்த விதைப்புக்கு மறுபடி அதே வாசல்.

ராணி மரியா சோற்றுப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சுய உதவிக் குழுக்கள் சேர்த்தார். வங்கிக் கடனுக்கு வழி காட்டினார். அரசுத் திட்டத்தில் என்ன உரிமை இருக்கிறது, யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். வட்டிக்காரர் வாசலில் கூட்டம் குறைந்தது. 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூர் போகும் பேருந்தில், மற்ற பயணிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நிலக்காரர்கள் ஏவியதாகச் சொல்லப்படும் சமந்தர் சிங் என்பவர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். உடலில் 54 காயங்கள். வயது 41.

கேள்வி: கொன்றவருக்கு ராணி மரியாவின் தங்கையே ராக்கி கட்டினாராமே? இதெல்லாம் கொஞ்சம் அதிகமில்லையா? கொலைக்கு மன்னிப்பு என்றால் நீதி எங்கே?

நடந்தது உண்மை. தங்கை செல்மி பாலும் அதே சபையில் சகோதரி. 2002-ல் ரக்ஷா பந்தன் சமயத்தில் சிறைக்குப் போய் சமந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டினார். சமந்தர் சிங் பிற்பாடு அவர்கள் வீட்டுக்கு வந்தபோது, ராணி மரியாவின் அம்மா அவர் கைகளைப் பிடித்து முத்தமிட்டார். மகளைக் குத்திய கைகள். ஆயுள் தண்டனை பெற்ற அவர் 2006-ல் விடுதலையானார். குடும்பமும் திருச்சபையும் அதற்கு ஒத்துழைத்தன. 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தபோது சமந்தர் சிங்கும் வந்திருந்தார்.

உங்கள் கேள்வி நியாயமானது. என் கருத்தைச் சொல்கிறேன். மன்னிப்பதற்கு அந்த வீட்டாருக்கு மட்டும்தான் உரிமை உண்டு, அவர்கள் மன்னித்தார்கள், அதில் நாம் தலையிட ஒன்றுமில்லை. ஆனால் அந்த மன்னிப்பு கத்தி பிடித்தவருக்குத்தான். ஏவிவிட்டவர்களைச் சட்டத்தின் முன் நிறுத்தும் கடமையை அது ரத்து செய்யாது. நம் பேச்சாளர்கள் ராக்கிக் கதையை உருக உருகச் சொல்கிறார்கள். வட்டிக் கடையைப் பற்றி வாயே திறப்பதில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி (சிங்கப்பூரிலிருந்து): ஏவியவர்களுக்குத் தண்டனை கிடைத்த வழக்கு எங்காவது உண்டா?

உண்டு, பிரேசிலில். ஆனால் பட்ட பாடு கொஞ்சமில்லை.

சகோதரி டோரதி ஸ்டாங் 1931-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் டேட்டனில் பிறந்தவர். நமூர் நோத்ர் டாம் சபை. 1966-ல் பிரேசிலுக்குப் போனார், பிற்பாடு அந்த நாட்டுக் குடியுரிமையும் பெற்றார். அமேசான் காட்டை ஊடுருவிப் போகும் நெடுஞ்சாலையை அரசு போட்டபோது, நிலமில்லாத ஏழைகளை அங்கே போய்க் குடியேறச் சொன்னது. போனார்கள். பின்னாலேயே மரக் கம்பெனிக்காரர்களும் மாட்டுப் பண்ணையார்களும் வந்தார்கள். போலிப் பத்திரம் காட்டுவது, குடிசைக்குத் தீ வைப்பது, ஆள் வைத்து மிரட்டுவது எல்லாம் நடந்தது.

பாரா மாநிலம் அனாப்பு என்ற ஊரில் இருந்துகொண்டு டோரதி செய்தது ரொம்பக் குறிப்பான வேலை. சின்ன விவசாயிகளுக்கு அரசு நிலம் கொடுக்க வேண்டும், அதில் 20 சதவீதத்தில் பயிர் வைக்கலாம், மீதி 80 சதவீதம் காடாகவே நிற்க வேண்டும், அங்கே காட்டுப் பொருளை அளவோடு எடுக்கலாம் என்பது திட்டம். எஸ்பெரான்சா என்ற குடியிருப்பை அப்படித்தான் அமைத்தார்கள். எந்தத் துண்டு அரசு நிலம், எந்தப் பத்திரம் போலி என்று வரைபடத்தோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். பண்ணையார்களுக்கு ஆத்திரம் வந்தது அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான்.

2005 பிப்ரவரி 12 காலை. 73 வயது. எஸ்பெரான்சாவில் ஒரு கூட்டத்துக்கு மண் பாதையில் நடந்து போகிறார். இரண்டு பேர் வழி மறித்து, ஆயுதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். பையிலிருந்து பைபிளை எடுத்துக் காட்டி, இயேசுவின் மலைப்பொழிவிலிருந்து சில வரிகள் வாசித்தார். ஆறு குண்டுகள்.

சுட்டவர்களும் இடைத்தரகரும் சீக்கிரமே சிக்கினார்கள். பணம் கொடுத்த பண்ணையார்கள் விஷயம்தான் இழுத்தது. ஒருவருக்கு 2007-ல் 30 வருடத் தண்டனை. 2008-ல் மறுவிசாரணையில் விடுதலை. அந்த விடுதலை ரத்தாகி 2010-ல் மறுபடி தண்டனை. அதுவும் ரத்தாகி 2013-ல் மறுபடி 30 வருடம். இன்னொரு பண்ணையாருக்கும் 2010-ல் 30 வருடம் விழுந்தது. டோரதியின் தம்பி டேவிட் அமெரிக்காவிலிருந்து திரும்பத் திரும்ப வந்து நீதிமன்றத்தில் உட்கார்ந்தார். அவருடைய சபையும் உள்ளூர் விவசாயிகளும் வழக்கை விடவே இல்லை. அவர்கள் விட்டிருந்தால் 2008-லேயே கதை முடிந்திருக்கும்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். இதெல்லாம் மதம் மாற்றத்தானே?

நேராகவே பதில் சொல்கிறேன் ஐயா. டோரதி வேலை செய்த ஊரில் விவசாயிகள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். பிரேசிலே உலகில் மிக அதிகக் கத்தோலிக்கர் வாழும் நாடு. அங்கே யாரை மதம் மாற்றப் போகிறார்? இருந்தும் கொன்றார்கள். எல் சால்வடோரிலும் அன்று பெரும்பான்மையோர் கத்தோலிக்கர்தான். 1980 டிசம்பர் 2 அன்று இட்டா போர்டு, மவுரா கிளார்க், டோரதி கேசல் என்ற மூன்று சகோதரிகளையும் ஜீன் டோனவன் என்ற, துறவி அல்லாத பொதுநிலை ஊழியரையும் அந்த நாட்டுத் தேசியக் காவல் படையினரே கொன்றார்கள். போரில் சிதறிய ஏழைகளுக்குச் சோறும் அடைக்கலமும் கொடுத்ததுதான் அவர்கள் செய்த காரியம்.

ஜார்க்கண்டில் பாக்கூர் மாவட்டம் பச்சுவாராவில் சந்தால் ஆதிவாசி மக்களோடு வாழ்ந்த சகோதரி வால்சா ஜான் 2011 நவம்பரில் கொல்லப்பட்டார். அங்கே பிரச்சினை நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன நிலம். இந்த ஊர்களிலெல்லாம் யாருக்குக் கோபம் வந்தது, அவர்களுக்கு எதில் நஷ்டம் என்று பாருங்கள். பதில் அதிலேயே இருக்கிறது.

கேள்வி: போருக்கு எதிராகவும் சிஸ்டர்கள் இறங்கியிருக்கிறார்களா?

இறங்கியிருக்கிறார்கள். மியான்மர் படத்தைப் பார்த்திருப்பீர்கள். 2021-ல் ராணுவ ஆட்சி வந்த பிறகு, மிட்சீனா நகரத் தெருவில் ஆயுதம் தாங்கிய போலீசார் முன் வெள்ளை உடையில் மண்டியிட்டுக் கைகளை விரித்த சகோதரி ஆன் ரோஸ் நு தாங். பிள்ளைகளைச் சுடாதீர்கள், என்னைச் சுடுங்கள் என்று மன்றாடினார். அவர் எதிரே போலீசாரும் மண்டியிட்டுக் கைகூப்பினார்கள். ஆனாலும் அந்த நகரில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிவதில்லை.

இன்னொருவர் சகோதரி மேகன் ரைஸ். 2012 ஜூலையில், தன் 82-வது வயதில், இரண்டு நண்பர்களோடு இரவில் வேலிக் கம்பியை வெட்டிக்கொண்டு அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு ஆயுத வளாகத்துக்குள் போனார். அணுகுண்டுக்கான யுரேனியம் வைத்திருக்கும் கட்டடத்தின் சுவரில் அமைதி வாசகங்கள் எழுதிவிட்டு, காவலர் வரும்வரை அங்கேயே நின்றார். சிறைக்கும் போனார். 2015-ல் மேல்முறையீட்டில் முக்கியக் குற்றச்சாட்டு ரத்தானதால் வெளியே வந்தார்.

கேள்வி (ஒரு அம்மா): வெளியே நீதி கேட்கிறவர்களுக்குத் திருச்சபைக்கு உள்ளே நீதி கிடைக்கிறதா?

பல நேரம் கிடைப்பதில்லை அம்மா. 2018 செப்டம்பரில் கொச்சியில் உயர் நீதிமன்றம் பக்கத்தில் ஐந்து சகோதரிகள் பதாகை பிடித்து உட்கார்ந்தார்கள். ஓர் ஆயர் (பிஷப்) மீது பாலியல் புகார் கொடுத்த தங்கள் சக சகோதரிக்காக. ஆயர் கைதானார், 2022 ஜனவரியில் விசாரணை நீதிமன்றம் அவரை விடுவித்தது. தீர்ப்பு ஒருபுறம் இருக்கட்டும். ஒரு புகாரைக் காதுகொடுத்துக் கேட்க வைக்கவே தெருவுக்கு வர வேண்டியிருந்தது என்பதுதான் என்னைத் தூங்க விடாதது. கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாட்டை, அதாவது துறவிகள் எடுக்கும் உறுதிமொழியை, அடக்கிவைக்கும் கருவியாக்கக் கூடாது.

கேள்வி: சிஸ்டர்களுக்குச் சம்பளம் உண்டா?

ஆசிரியர், நர்ஸ் வேலை பார்த்தால் உண்டு. பணம் சபைக்குப் போகும். ஏழ்மை வார்த்தைப்பாடு அதுதான்.

கேள்வி (திண்டுக்கல் வாசகி): நம் தமிழ்நாட்டில் இப்படி எதுவும் இல்லையா?

ஏன் இல்லை? கன்னியாகுமரி மாவட்டம் முளகுமூட்டில் 1897-ல் பெல்ஜியத்திலிருந்து வந்த மரி லூயிஸ் தெ மேஸ்டர் தொடங்கிய வேலையிலிருந்துதான் மரியாவின் மாசற்ற இதய மறைபரப்புச் சபை பிறந்தது. அதே சபையைச் சேர்ந்த பெல்ஜியச் சகோதரி ஜான் தெவோஸ் 1963-ல் இந்தியா வந்தார். வீட்டு வேலை செய்யும் பெண்களை ஒன்றுசேர்த்து, தேசிய வீட்டு வேலைத் தொழிலாளர் இயக்கத்தை 1985-ல் தொடங்கினார்.

அந்தக் கூட்டங்கள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் ஆரம்பிக்க முடியும், பாத்திரம் தேய்த்துவிட்டுத்தானே வர வேண்டும். சிஸ்டர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் கேட்பார்: எத்தனை வீடு, எத்தனை மணி நேரம், லீவு எடுத்தால் சம்பளம் பிடிக்கிறார்களா? ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வருவார். தீபாவளிப் புடவை கொடுக்கிறாங்க சிஸ்டர் என்று ஒரு அக்கா பெருமையாகச் சொன்னால், சந்தோஷம், வாரத்தில் ஒருநாள் லீவு கொடுக்கிறார்களா என்று அடுத்த கேள்வி வரும். அங்கே சட்டென்று அமைதியாகிவிடும்.

வீட்டு வேலைத் தொழிலாளருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை 2011-ல் நிறைவேறியது. உலகெங்கும் இப்படிப்பட்ட இயக்கங்கள் கேட்டுக் கேட்டு வந்த ஒன்று அது. தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளருக்கென்று நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். உங்கள் வீட்டில் வேலை பார்க்கும் அக்காவிடம் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகத்தோடு மாவட்டத் தொழிலாளர் நல அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள். அன்றைக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.